மார்வெல் காமிக்ஸின் எக்ஸ்-மென், அதாவது பிறவியிலேயே அதீத சக்தி உள்ள மியூட்டன்ட்களின் அணிக்கு யார் தலைமை? சைக்ளாப்ஸா, ஸ்டார்மா, வுல்வரினா?

படங்களை மட்டும் பார்த்தவர்களிடம் கேட்டால் யோசிக்காமல் வுல்வரின் என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2000இல் முதல் படம் வந்ததிலிருந்து ஹியூ ஜாக்மன்தான் நடுநாயகம். சைக்ளாப்ஸ் சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓரமாக முறைத்துக்கொண்டிருப்பார். 2006இல் வந்த மூன்றாவது படத்தில் கதை சூடு பிடிக்கும் முன்பே அவரைத் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். ஸ்டார்மாக நடித்த ஹாலி பெர்ரிக்கு வெள்ளை முடியும் நாலு மின்னலும் கிடைத்தன, அவ்வளவுதான்.

காமிக்ஸ் படிக்கிறவர்கள் மத்தியில் இந்தப் பேச்சு வேறு மாதிரிப் போகும். அங்கே வுல்வரின் பெயர் ஒப்புக்குத்தான் வரும். உண்மையான சண்டை சைக்ளாப்ஸ் கட்சிக்கும் ஸ்டார்ம் கட்சிக்கும் இடையில். நான் ஸ்டார்ம் கட்சி. ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள் வழக்கமாக அடுக்கும் காரணங்கள் எனக்குச் சரிப்பட்டு வருவதில்லை. புயலையும் மழையையும் கையில் வைத்திருப்பவர், ஒரு காலத்தில் தெய்வமாகக் கும்பிடப்பட்டவர், அதனால் அவரே தலைவர் என்பது எந்த ஊர் நியாயம்? பலசாலிதான் தலைவர் என்றால் ஃபீனிக்ஸ் என்ற அண்ட சக்தி ஏறிய ஜீன் கிரேயை உட்காரவைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

முதலில் இந்த அணி என்ன மாதிரியானது என்று பார்த்துவிட வேண்டும். மார்வெலின் இன்னொரு அணியான அவெஞ்சர்ஸ் மாதிரி இல்லை இவர்கள். அவெஞ்சர்ஸுக்குப் பெரும்பாலும் அரசு அங்கீகாரம் உண்டு, ஊர் மரியாதை உண்டு, சண்டை முடிந்தால் அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம். எக்ஸ்-மென் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய கூட்டம். 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கியபோது ஐந்து பதின்பருவப் பிள்ளைகள், ஒரு வாத்தியார், வெஸ்ட்செஸ்டரில் ஒரு பெரிய வீடு. அதன்பின் அது அடைக்கலம் தேடி வருகிறவர்களுக்கு விடுதியானது, ஒரு இனத்துக்கே காவல்படையானது, கடைசியில் ஒரு நாடாகவே ஆனது. இங்கே தலைவராக இருப்பவர் சண்டையில் உத்தரவு போட்டால் மட்டும் போதாது. யாரை உள்ளே சேர்ப்பது, எந்தப் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பக் கூடாது, யாருக்கு எந்த உண்மையைச் சொல்வது என்பதெல்லாம் அவர் தலையில்தான் விழும். மேல்முறையீட்டுக்கு வேறு ஆள் கிடையாது. தலைவர் தப்பு செய்தால் தடுக்க அணிக்குள்ளேயேதான் வழி இருக்க வேண்டும். நான் ஆட்களை எடைபோடுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

அந்தத் தராசில், அந்த வாத்தியார் சார்லஸ் சேவியர் முதல் சுற்றிலேயே வெளியே. மனுஷன் நல்லவர், கனவு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் மறைப்பது அவர் ரத்தத்தில் ஊறிய பழக்கம். 1968இல் அவர் செத்துப்போனதாக எல்லாரும் அழுதார்கள். செத்தது அவர் வேடத்தில் இருந்த வேறொருவர் என்பது ஜீனுக்கு மட்டும் தெரியும். மற்ற நான்கு பிள்ளைகளும் நிஜமாகவே துக்கம் அனுசரித்தார்கள். 2006இல் வந்த ஒரு கதை அதைவிட மோசம். கிரகோவா தீவில் சிக்கியவர்களை மீட்க, நமக்குத் தெரிந்த அணிக்கு முன்பே இன்னொரு இளைஞர் அணியை அனுப்பியிருக்கிறார். அது அழிந்தது. அந்த நினைவை சைக்ளாப்ஸ் மூளையிலிருந்தே துடைத்துவிட்டார். அழிந்ததாக நினைத்த அந்த அணியில் சைக்ளாப்ஸின் சொந்தத் தம்பியும் ஒருவன்!

இதே காரணத்துக்காக ஜீன் கிரேயையும் விலக்குகிறேன், மனசு கேட்காவிட்டாலும். 2018இல் அவர் தனியாக ஓர் அணியை நடத்தினார், நன்றாகவே நடத்தினார். ஆனால் மற்றவர் மனசுக்குள் புகுந்து பார்க்கக்கூடிய ஒருவர் தலைவராக இருந்து, “எல்லாருக்கும் சம்மதமா?” என்று கேட்கும்போது, நான் சொல்கிற “சரி” என்னுடையதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஜீன் அப்படிச் செய்யமாட்டார் என்பது அவர்மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கை. நம்பிக்கையை மட்டும் வைத்து ஓர் அமைப்பை நடத்த முடியாது.

அணியின் பழைய எதிரி மேக்னிட்டோ? 1985இல் சேவியர் விண்வெளிக்குப் போனபோது பள்ளியை அவரிடம்தான் ஒப்படைத்தார். உண்மையாகவே திருந்தப் பார்த்தார், அந்தக் காலக் கதைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் டக் ராம்சி என்ற பையன் குண்டடிபட்டு இறந்தான். அதன் பிறகு பழைய கோபம் மெல்லத் திரும்பியது. அவர் பக்கத்தில் இருந்தால் பலம். முன்னால் நின்றால் அணி போகும் திசையே மாறிவிடும்.

இனி வுல்வரின். படம் பார்த்தவர்களுக்கு மரியாதை கொடுத்து இவரைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வுல்வரினுக்குத் தலைமைக்கான ஒரே பெரிய வாய்ப்பு 2011இல் வந்தது. அப்போது சைக்ளாப்ஸ் மியூட்டன்ட் இனம் முழுவதையும் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் உட்டோபியா என்ற தீவில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். ஹெல்ஃபயர் கிளப் என்ற எதிரிக் கூட்டத்தின் ஆட்கள் ஓர் அருங்காட்சியகத் திறப்பு விழாவைத் தாக்குகிறார்கள். உள்ளே மூத்தவர்கள் எல்லாம் வீழ்ந்து கிடக்கிறார்கள். மிச்சம் இருப்பது இடி ஒகோன்க்வோ என்ற 14 வயது நைஜீரியச் சிறுமி. தூரத்திலிருந்து தொடர்பில் இருக்கும் இரண்டு பெரியவர்களிடம் என்ன செய்யட்டும் என்று கேட்கிறாள். நீ ஒன்றும் செய்யாதே, நான் வந்துகொண்டிருக்கிறேன் என்கிறார் வுல்வரின். செய்தாக வேண்டும் என்று உனக்குத் தோன்றுவதைச் செய் என்கிறார் சைக்ளாப்ஸ். அவள் அத்தனை பேரையும் கொன்றுவிடுகிறாள்.

அந்த நொடியில் வுல்வரின் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிள்ளையைக் கொலைகாரியாக்கிவிட்டுத் தப்பிப்பது தப்பித்தல் இல்லை. பிறகு இருவரும் அடித்துக்கொண்டார்கள், அணி பிளந்தது, வுல்வரின் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு வெஸ்ட்செஸ்டருக்குப் போய் ஜீன் பெயரில் பள்ளி திறந்தார். சுருட்டும் பீரும் கையுமாக அலைந்த ஆள் தலைமையாசிரியர் ஆனதை எழுத்தாளர் ஜேசன் ஆரன் பாதி நகைச்சுவையாகவே எழுதினார், அது எடுபட்டது.

ஆனால் ஊருக்கு உபதேசம் செய்தவரின் முந்தைய மூன்று வருடத்தையும் பார்க்க வேண்டும். 2008இலிருந்து சைக்ளாப்ஸ் மற்றவர்களுக்குத் தெரியாமல் எக்ஸ்-ஃபோர்ஸ் என்ற கொலைப்படை ஒன்றை வைத்திருந்தார். அதைக் களத்தில் நடத்தியது இதே வுல்வரின்தான். சைக்ளாப்ஸிடமிருந்து பிரிந்த பிறகும், பள்ளி மணி அடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், சொந்தமாக ஒரு எக்ஸ்-ஃபோர்ஸை அவர் ரகசியமாக வைத்திருந்தார். பிள்ளைகள் விஷயத்தில் அவர் மனசு சுத்தம், கிட்டி பிரைடிலிருந்து ஜூபிலி வரை அவர் பார்த்துக்கொண்ட பெண்பிள்ளைகளே சாட்சி. தன் விஷயத்தில் மட்டும் அவருக்குச் சட்டம் வேறு. அணியில் இருக்கும் மனசாட்சியாக அவரை வைத்துக்கொள்ளலாம். கோபம் வந்தால் தனியே கிளம்பிப் போகும் பழக்கம் இருப்பவரிடம் சாவியைக் கொடுக்க முடியாது.

அடுத்தது சைக்ளாப்ஸ். இவரைப் பிடிக்காதவர்கள் ஏராளம். விறைப்பானவர், சிரிக்கமாட்டார், வாத்தியாரின் செல்லப்பிள்ளை என்றெல்லாம் சொல்வார்கள். அந்தக் குறைகள் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வேலை தெரிந்த ஆள். அதில் மட்டும் சந்தேகமே வேண்டாம்.

அவர் சக்தியைக் கவனித்தால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். சின்ன வயதில் எரியும் விமானத்திலிருந்து அவரையும் தம்பி அலெக்ஸையும் ஒரே பாராசூட்டில் தள்ளிவிட்டார்கள் பெற்றோர். விழுந்ததில் தலையில் அடி. அதனால் கண்ணிலிருந்து பாயும் கதிரை நிறுத்த அவரால் முடியாது. கண்ணைத் திறந்தால் எதிரில் இருப்பது போய்விடும். மாணிக்கக் குவார்ட்ஸ் கண்கவசம் ஒன்றுதான் தடுப்பு. ஆக, விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பக்கத்தில் இருப்பவரைக் கொன்றுவிடாமல் இருப்பதற்காகவே கவனமாக வாழ்ந்த பையன். அப்படி வளர்ந்தவன் விறைப்பாக இல்லாமல் எப்படி இருப்பான்? அந்தக் கவனம்தான் களத்தில் பலன் தருகிறது. எந்தக் கோணத்தில் அடித்தால் கதிர் எந்தச் சுவரில் பட்டு எங்கே திரும்பும் என்று கணக்குப் போடும் மூளை, அணியில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அதே வேகத்தில் போடும். 1964இல், ஏழாவது இதழிலேயே, சேவியர் பொறுப்பை இவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பியது சும்மா இல்லை.

சைக்ளாப்ஸின் தலைமையை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் நான் 1979க்குப் போவேன், 127ஆம் இதழ். ஸ்காட்லாந்தில் புரோட்டியஸ் என்பவனிடம் அணி அடிபட்டிருக்கிறது. கண்ணெதிரே இருப்பதையெல்லாம் உருமாற்றிக் காட்டுகிறவன் அவன். முகர்ந்தும் கேட்டும் உலகை நம்பி வாழும் வுல்வரினுக்கு அது தாங்கவில்லை, அந்த முரடன் நடுங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். ஆறுதல் சொல்ல நேரமில்லை, சொன்னாலும் ஏறாது. சைக்ளாப்ஸ் வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறார். வுல்வரின் பாய்கிறார். மற்றவர்களும் உள்ளே இறங்குகிறார்கள், ஓர் உண்மையான கைகலப்பு. தலைவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் சண்டையை நிறுத்திக் காரணத்தைச் சொல்கிறார். உங்களுக்கு இன்னும் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவரைத் தலைவராக ஏற்காமல் முறுக்கிக்கொண்டிருந்த வுல்வரின் முதன்முறையாக அவரை மதிக்கத் தொடங்கியது அங்கேதான். ஒவ்வொருவருக்கும் எது மருந்து என்று தெரிந்திருப்பவர் அவர்.

பிறகு ஏன் நான் அவர் கட்சி இல்லை?

தலைமையைத் தவிர அவருக்கு வேறு எதுவும் இல்லை. ஒமாஹாவில் அநாதை விடுதி, அங்கிருந்து நேராக சேவியர் வீடு, அங்கிருந்து நேராகத் தலைவர் நாற்காலி. வேறு ஒருவராக வாழ்ந்து பார்த்ததே கிடையாது. அதனால் அந்த நாற்காலியை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் ஆள் உடைந்துபோகிறார், கூடவே சுற்றி இருப்பவர்களையும் உடைக்கிறார். 1980இல் ஜீன் இறந்ததும் விலகிப் போனார். அலாஸ்காவில் மேடலின் பிரையர் என்ற விமானியைச் சந்தித்துக் கல்யாணம் செய்து, ஆண் குழந்தையும் பிறந்தது. மனைவி கெஞ்சுகிறார், வீட்டுக்குப் போகலாம் என்று. இவருக்கோ அணியை விட மனசில்லை. 1986 ஜனவரி இதழில் தலைமைக்கான போட்டியில் தோற்று வீடு திரும்புகிறார். அடுத்த மாதமே ஜீன் உயிரோடு இருக்கிறார் என்று தகவல் வர, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிப்போய் எக்ஸ்-ஃபேக்டர் என்ற புது அணிக்குத் தலைவராகிறார். பழைய ஐந்து பேரையும் புதுப் பத்திரிகையில் ஒன்றுசேர்க்க வேண்டும் என்பது மார்வெல் அலுவலகத்தின் வியாபாரத் தேவை, தெரியும். இருந்தாலும் கதையில் நடந்தது நடந்ததுதானே. அந்தக் கறை இன்றுவரை போகவில்லை.

2005க்குப் பிறகு இது தனிமனிதப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. நிஜத்தையே மாற்றும் சக்தி உள்ள ஸ்கார்லெட் விட்ச்சின் ஒரே வாக்கியத்தில் லட்சக்கணக்கான மியூட்டன்ட்கள் சக்தி இழந்து, மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 200 பேர். அழியும் தறுவாயில் இருந்த இனத்தைக் காப்பாற்றியது சைக்ளாப்ஸ்தான், இதில் வாதமே இல்லை. அந்தச் சில வருடங்கள் அவருடைய உச்சம். ஆனால் காப்பாற்றக் காப்பாற்ற, கேள்வி கேட்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எக்ஸ்-ஃபோர்ஸைப் பற்றி அறிந்து, அணியின் மூத்த உறுப்பினர் நைட்கிராலர் முகத்துக்கு நேரே தன் வேதனையைச் சொன்னார். அதே 2010 கதையில் அவர் இறந்தும் போனார். 2011இல் வுல்வரின் போனார், கூடவே பாதி அணியும். மறுத்துப் பேச ஆள் அருகிப்போன பிறகு 2012இல் ஃபீனிக்ஸ் சக்தி சைக்ளாப்ஸ் மேல் இறங்கியது. கடைசியில் தன்னை வளர்த்த சேவியரையே தன் கையால் கொன்றார்.

அது ஃபீனிக்ஸ் செய்தது, அவர் செய்ததில்லை என்று வாதாடுவார்கள். இருக்கலாம். ஆனால் அந்த இடம் வரைக்கும் அவரை யாரும் நிறுத்தவில்லை என்பதுதான் என் வழக்கு. “சைக்ளாப்ஸ் சொன்னது சரி” என்று டி-ஷர்ட் போட்டுக்கொள்ளும் ரசிகர்கள் உண்டு. பல விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். சரியாகச் சொல்கிற ஒருவரிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே கதைதான் காட்டுகிறது.

ஸ்டார்முக்கு வருவோம்.

ஓரோரோ மன்ரோ 1975இல் லென் வீனும் டேவ் காக்ரமும் உருவாக்கிய பாத்திரம். அப்பா அமெரிக்கர், அம்மா கென்யா நாட்டவர். கெய்ரோவில் வீட்டின்மேல் விமானம் விழுந்து, செத்த தாய்க்குப் பக்கத்தில் இடிபாட்டுக்குள் கிடந்த குழந்தை. அதனால் இன்றைக்கும் மூடிய இடம் என்றால் உடம்பு உதறும். பிறகு கெய்ரோ தெருக்களில் ஜேப்படித் திருடி, அப்புறம் கென்யாவில் மழைதரும் தெய்வம். எக்ஸ்-மென்னுக்கு வரும்போதே இரண்டு மூன்று வாழ்க்கையைப் பார்த்துவிட்டவர். தலைமை அவருக்கு வேண்டிக் கேட்டு வந்ததில்லை. 1980இல் சைக்ளாப்ஸ் விலகியதும் கைக்கு வந்தது. அப்போது தொடக்க கால உறுப்பினரான ஏஞ்சலும் அணிக்குத் திரும்பியிருந்தார், மூப்பு பார்த்தால் அவருக்குத்தான் போயிருக்க வேண்டும்.

வந்த புதிதிலேயே ஒரு விஷயத்தில் சைக்ளாப்ஸுக்கு நேர்மாறாக நடந்தார். வுல்வரினின் நகங்களைச் சண்டைச் சூட்டில் ஒரு கருவியாக எண்ணிச் சகித்துக்கொண்டிருந்த அணி அது. எதிர்காலத்திலிருந்து கிட்டி எச்சரிக்கை கொண்டுவரும் அந்தப் புகழ்பெற்ற 1981 கதையில், நகத்தை நீட்டிக்கொண்டு பாயும் வுல்வரினை ஸ்டார்ம் நிறுத்தி உள்ளே இழுக்கச் சொல்கிறார். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறார். கத்தாமல், மிரட்டாமல் ஒரு முரடனை அடக்கியது அந்த அணிக்குப் புதுசு.

ஆனால் எனக்கு முக்கியம் 1984க்குப் பிந்தைய காலம். அரசுக்காக ஃபோர்ஜ் என்ற கண்டுபிடிப்பாளர் செய்த துப்பாக்கி அணித்தோழி ரோகைக் குறிவைக்க, அந்தச் சூடு ஸ்டார்ம்மேல் விழுந்து சக்தி மொத்தமும் போய்விடுகிறது. பறக்க முடியாது, ஒரு சின்னக் காற்றைக்கூட அசைக்க முடியாது. வேறு எந்தச் சூப்பர்ஹீரோ கதையாக இருந்தாலும் அடுத்த இரண்டு இதழில் சக்தி திரும்பியிருக்கும். எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மாண்ட் ஏறக்குறைய நான்கு வருடம் அவரைச் சக்தி இல்லாமலே வைத்திருந்தார். அதற்கு நடுவில்தான் அந்த 201ஆம் இதழ்.

சேவியர் போய்விட்டார், மேக்னிட்டோ பள்ளியில் இருக்கிறார், இப்போது தான் இல்லாவிட்டால் அணி கெட்டுவிடும் என்று சைக்ளாப்ஸ் நினைக்கிறார். சரி, டேஞ்சர் ரூம் என்ற பயிற்சிக் கூடத்தில் மோதிப் பார்ப்போம், ஜெயித்தவர் தலைவர் என்று முடிவாகிறது. மலையைத் துளைக்கும் கண்கதிர் ஒரு பக்கம், சாதாரண மனுஷி ஒரு பக்கம். மேலே கைக்குழந்தையோடு மேடலின் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்டார்ம் நேருக்கு நேர் நிற்பதே இல்லை. மறைவிலிருந்து மறைவுக்குத் தாவுகிறார், அவரைச் சுட வைத்து இடம் பார்க்கிறார், நெருங்கியதும் திருடிய காலத்துக் கைத்திறமையில் கண்கவசத்தை உருவிவிடுகிறார். கண்ணை இறுக மூடிக்கொள்வதைத் தவிர சைக்ளாப்ஸுக்கு வழியில்லை. ஆட்டம் முடிந்தது.

இதை ஸ்டார்ம் கட்சிக்காரர்கள் கோப்பையைப் போலத் தூக்கிக் காட்டுவார்கள். நான் அதில் பார்ப்பது வேறு. அன்று சைக்ளாப்ஸின் மனசு பாதி குழந்தைமேல் இருந்தது, நல்ல நாளில் அவர் ஜெயித்திருக்கக்கூடும். கவனிக்க வேண்டியது, சக்தியே இல்லாத ஒருவரைத் தலைவராக வைத்துக்கொள்ள வுல்வரினிலிருந்து ரோக் வரை யாருக்கும் தயக்கம் இல்லை என்பது. அவருக்குக் கீழ்ப்படிந்தது மின்னலுக்குப் பயந்து இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. இந்தச் சோதனையை எழுதிப் பார்த்தது ஸ்டார்முக்கு மட்டும்தான்.

இன்னொன்று 2017. இன்ஹியூமன்கள் என்ற வேறொரு சக்திவாய்ந்த இனத்தோடு நடந்த போரில் தன் முடிவுகள் தப்பாகிவிட்டன என்ற உறுத்தல் ஸ்டார்முக்கு. என்ன செய்தார்? கிட்டி பிரைடைத் தேடிப் போய், இனி நீ நடத்து என்று கேட்டார். 1980இல் 13 வயதுச் சிறுமியாக வந்தபோது தான் மகளைப் போல வளர்த்த பெண்ணிடம். கிட்டி பள்ளியை நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கொண்டுபோய் நிறுத்தி அணியை நடத்தினார், அவருக்குக் கீழே சாதாரண உறுப்பினராக ஸ்டார்ம் வேலை பார்த்தார். சைக்ளாப்ஸ் இதைச் செய்வதை என்னால் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை. 2011 பிளவிலும் பாருங்கள், வுல்வரினோடு கிளம்பியிருந்தால் நல்ல பெயர். ஸ்டார்ம் உட்டோபியாவிலேயே தங்கினார், சைக்ளாப்ஸைத் தட்டிக்கேட்க ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும் என்று. கிட்டத்தட்ட கடைசி ஆள். 2012 போரில் அவரும் விலக நேர்ந்த பிறகு நடந்ததைத்தான் மேலே சொன்னேன்.

ஸ்டார்மிடம் குறை இல்லையா என்றால், ஒரு பெரிய குறை இருக்கிறது. அவர் ரசிகர்கள் அதைப் பேசமாட்டார்கள். 1983இல் மன்ஹாட்டனுக்கு அடியில் சுரங்கங்களில் வாழும் மார்லாக்குகள் என்ற மியூட்டன்ட்கள் ஏஞ்சலைக் கடத்திவிடுகிறார்கள், கிட்டி சாகக் கிடக்கிறாள். அவர்கள் தலைவி காலிஸ்டோவைக் கத்திச் சண்டையில் குத்தி வீழ்த்துகிறார் ஸ்டார்ம், அவர்கள் வழக்கப்படி தலைமையும் இவருக்கு வருகிறது. 170ஆம் இதழ், அருமையான காட்சி. அதற்குப் பிறகு? மாளிகைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார், அவர்கள் வரவில்லை, அதோடு சரி. பெயருக்குத் தலைவி. 1986இல் மரோடர்கள் என்ற கொலைக் கும்பல் அந்தச் சுரங்கத்தில் புகுந்து நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தபோது மார்லாக்குகளின் தலைவி மேலே வேறு அணியை நடத்திக்கொண்டிருந்தார். முன்கூட்டியே தடுத்திருக்க முடியுமா என்பது வேறு. ஒரு மக்களின் பொறுப்பை ஏற்றுவிட்டு அவர்களை எட்டிப்பார்க்காமல் இருந்தது தலைமைக் குற்றம்தான்.

இது ஒருமுறை நடந்த விபத்தும் இல்லை. 2006இல் பிளாக் பாந்தரைக் கல்யாணம் செய்து வக்காண்டாவுக்கு ராணியாகப் போனார், எக்ஸ்-மென் பின்னுக்குப் போனது. 2021க்குப் பிறகு செவ்வாயில் அராக்கோ என்ற தேசத்துக்குப் பொறுப்பேற்றார், பூமியில் அணி மறுபடி சைக்ளாப்ஸ் கையில். 1988இல் டாலஸில் உயிரைக் கொடுத்து மீண்டபின், உலகம் நம்மைச் செத்தவர்களாகவே நினைக்கட்டும் என்று ஆஸ்திரேலியாவில் போய் ஒளிந்தபோதும் அணிக்கு அவர்தான் தலைவர். கிட்டியும் நைட்கிராலரும் அந்தப் பக்கம் நிஜமாக அழுதுகொண்டிருந்தார்கள். சேவியரைக் குறை சொன்ன வாயால் இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. எளிதாகக் கீழே இறங்கத் தெரிந்தவர் எளிதாக நகர்ந்தும் போய்விடுகிறார்.

இரண்டு பேரையும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். மார்வெல் அதையும் செய்து பார்த்தது. 1991இல் புது ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போய் கின்னஸில் ஏறியது. அந்தச் சமயத்தில் அணியை இரண்டாகப் பிரித்து நீலத்துக்கு சைக்ளாப்ஸ், தங்கத்துக்கு ஸ்டார்ம் என்று வைத்தார்கள். கிரிக்கெட்டில் டெஸ்டுக்கு ஒரு கேப்டன், டி20க்கு ஒரு கேப்டன் வைப்பது மாதிரி. படிக்க நன்றாக இருந்தது, ஆனால் இருவரும் தனித்தனித் தீவாகிவிட்டார்கள். வுல்வரினும் ரோகும் காம்பிட்டும் நீலத்தில் குவிந்ததால் தங்கம் இரண்டாம் அணி போலத் தெரிந்தது. எல்லாவற்றையும்விட, ஸ்டார்ம் சைக்ளாப்ஸைத் தடுக்கும் இடத்தில் இல்லாமல் போனார்.

கிரகோவா தீவே மியூட்டன்ட் நாடாக இருந்த காலத்தில் இன்னொரு வழி வந்தது, தேர்தல். 2021 ஹெல்ஃபயர் காலா என்ற விழாவில் மியூட்டன்ட்கள் மனசாலேயே வாக்களித்து அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசி ஓர் இடத்துக்கு மார்வெல் நிஜ வாசகர்களிடமே வாக்கு கேட்டது, போலாரிஸ் ஜெயித்தார். உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க நல்ல முறை. தலைமைக்கு அதை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை, வருஷா வருஷம் வுல்வரின்.

ஆகவே என் ஏற்பாடு இது. தலைவர் ஸ்டார்ம். யார் சேர்வது, யார் போவது, எந்த உண்மை யாருக்கு என்பது அவர் கையில். களத்தில் இறங்கிய பிறகு திட்டம் போடுவதும் டேஞ்சர் ரூமில் பயிற்சி கொடுப்பதும் சைக்ளாப்ஸ், அவர் அளவுக்கு அதைச் செய்ய இன்னொருவர் பிறக்கவில்லை. ஆனால் களத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் அவரில்லை. துணைக்கு கிட்டி, ஏனென்றால் சேவியரையே மடையன் என்று கத்திய பிள்ளை அது, ஸ்டார்ம் மொஹாக் முடியோடு வந்து நின்றபோது முகத்துக்கு நேரே அழுது ஓடியதும் அதுதான். தலைவியிடம் மனசில் பட்டதைச் சொல்லத் தயங்காது. வுல்வரின் பள்ளியில் இருக்கட்டும், பதவி எதுவும் வேண்டாம்.

ஸ்டார்முக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நாற்காலிதான். ராணிப் பட்டமோ செவ்வாய்ப் பொறுப்போ வந்தால் அன்றைக்கே கிட்டியிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. 2024இல் கதை புதிதாகத் தொடங்கியபோது சைக்ளாப்ஸ் அலாஸ்காவில் மியூட்டன்ட்களை வேட்டையாடும் சென்டினல் ரோபோக்களின் பழைய தொழிற்சாலை ஒன்றில் அணி வைத்தார், லூசியானாவில் ரோக் ஒரு கூட்டத்தை நடத்தினார், ஸ்டார்ம் அவெஞ்சர்ஸில் சேர்ந்தார். அந்த நிலையில் எக்ஸ்-மென் தலைமைக்கு நான் அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அவெஞ்சர்ஸை விட்டுவிட்டு வரட்டும், பிறகு பேசலாம். அதுவரைக்கும் ரோக்.